வெள்ளகோவில் செவ்வாய்க்கிழமை

போன வாரம் நித்யா போனில் கூப்பிட்டாள். முப்பத்தோரு வருடம் நான் ப்ரோக்ராமராக வேலை பார்த்த கோயம்புத்தூர் அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி. கொஞ்சம் அவசரக்காரி. அந்த இரண்டாவது குணத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"பூங்கொடி அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜமால் சார் கேப்பாருங்க. இந்தச் சனிக்கிழமை வாசிப்பை நிறுத்திப்போடலாங்க."

"ஏன் கண்ணு, என்னாச்சு?"

"இப்ப ஏஐ மெஷினே கோடு எழுதுதுங்க அக்கா. எந்த பேக்கேஜ் போடோணும்னு அதே சொல்லுது. படிச்சுப் பாருன்னா அதே படிச்சும் பாத்துக்குது. நாங்க எதுக்குங்க தொண்டை வத்தப் படிக்கோணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. அந்த வாசிப்பு தொடங்கிய முதல் மாதத்தில் இதே 'தொண்டை வத்த' என்ற வார்த்தையைச் சொல்லி நானும் புலம்பியிருக்கிறேன். "வர்ற சனிக்கிழமை நேர்ல வாரேன், பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று குறித்துக்கொள்ள உட்கார்ந்தது, சனிக்கிழமை போய் வந்த பிறகும் முடியாமல் இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றி. மதுக்கரையில் பிறந்து, அங்கேயே இன்னும் குடியிருப்பவள். கணக்கில் பட்டம் வாங்கி, ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நூல் மில்லுக்கு, நகைக்கடைக்கு, பம்ப்செட் கம்பெனிக்கு எழுதினோம். பத்து வருடம் அப்படி ஓடியது. அப்புறம் இன்டர்நெட் வந்தது, எல்லோருக்கும் வெப்சைட் வேண்டும் என்று ஆனது, எங்கள் தலையில் பேக்கேஜ்கள் வந்து விழ ஆரம்பித்தன.

பேக்கேஜ் என்றால் வேறு யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் வைத்த கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள். நாமே எழுத வேண்டியதை ஒரு வரி கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். எனக்கு அதன்மேல் பகை ஒன்றும் இல்லை. ஜேக்வெரி என்ற பேக்கேஜ் இல்லாவிட்டால் அந்த நாளில் நான்கு பிரவுசரிலும் ஒரே மாதிரி ஒரு பட்டனை வேலை செய்ய வைக்க நான் தலையால் தண்ணீர் குடித்திருப்பேன். இன்றைக்குப் பிள்ளைகள் அதைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். சொல்லட்டும். ஒரு பெட்டியைப் பக்கத்தின் நட்டநடுவில் நிறுத்த நாங்கள் அரை நாள் பட்ட பாட்டை இப்போது ஒரு வரியில் முடிக்கிறார்கள், அதைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, நிம்மதிதான்.

என் எரிச்சல் வேறு. ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்க்க ஒரு பேக்கேஜ் இருக்கிறது தெரியுமா? இரண்டால் வகுத்தால் மீதி வருகிறதா, அவ்வளவுதானே? அதை இறக்கினால், வந்தது எண்தானா என்று பார்க்க அதற்குத் துணையாக இன்னொன்று இறங்குகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்ட கதை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'இதுதான் இனிமேல் எல்லாம்' என்று வெப்சைட் கட்ட ஒரு புதுச் சட்டகம் வரும். கற்று முடிப்பதற்குள் அதை எழுதினவரே அதைவிட்டுப் போயிருப்பார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விளக்கக் குறிப்பில் 'சுலபமாக' என்ற வார்த்தை வந்தால் அன்றைய பொழுது போச்சு என்று அர்த்தம்.

இந்த வெள்ளத்துக்கு ஜமால் சார் கட்டிய அணைதான் சனிக்கிழமை வாசிப்பு.

ஜமால் சார் எங்கள் முதலாளி. கோட்டைமேட்டுக்காரர். எழுபதைத் தாண்டியும் இன்றும் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடும். 'வாம்மா' என்றால் நல்ல மனநிலை. 'வாங்க' என்றால் ஏதோ சரியில்லை. 'வாங்க அம்மணி, கொஞ்சம் உக்காருங்களேனுங்க' என்று வந்துவிட்டால் யாரோ வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

அவருடைய விதி எளிமையானது. வெளியிலிருந்து ஒரு பேக்கேஜ் வேண்டும் என்பவர், சனிக்கிழமை பதினோரு மணிக்கு, டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வந்ததும், எல்லோர் முன்னாலும் அதன் கோடு முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பெரிய பேக்கேஜ் என்றால் நாம் தொடப்போகிற பகுதியை மட்டுமாவது. படித்துவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுதினது யார்? கடைசியாக எப்போது கை வைத்தார்? நாளைக்கு அவர் இல்லை என்றால் நம்மால் திருத்த முடியுமா? பதில் இல்லாவிட்டால் பேக்கேஜும் இல்லை. ஏற்கெனவே படித்த பேக்கேஜில் புது வெர்ஷன் வந்தால், மாறின வரிகளை மட்டும் மறுபடியும் படிக்க வேண்டும்.

"எங்க அத்தா பூட்டுக்கடை வெச்சிருந்தாருங்க" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்வார். "வர்றவங்க அத்தனை பேரும் வெலை கேப்பாங்க, கனம் பாப்பாங்க. சாவி மொத்தம் எத்தனை, இன்னொண்ணு யாருகிட்ட இருக்குதுன்னு ஒருத்தருங்கூடக் கேட்டதில்லைம்பாரு. படிங்க, கேக்கலாம்."

முதல்முறை படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இஃப், ப்ராக்கெட், டேட், ஈக்வல்ஸ் என்று கல்யாண வீட்டு மொய் வாசிப்பது மாதிரி படிக்க வேண்டும். கேட்பவர்களுக்குத் தூக்கம் வரும். ஆனால் கண்ணால் ஓடிப் பார்க்கும்போது தாண்டிப் போகிற வரியை வாயால் தாண்ட முடியாது. 'இது எதுக்குன்னு தெரியலீங்க' என்று சொல்லவேண்டி வரும் இடம் ஒன்று எல்லோருக்கும் வரும். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு கோயம்புத்தூரிலேயே ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு முன்பதிவு வெப்சைட் செய்து கொடுத்தோம். சிறிய மையம், எட்டே மெஷின். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அடுத்த முறைக்கு வீட்டிலிருந்தே போனில் தேதியைத் தொட்டுப் பதிவு செய்யலாம். தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு காலண்டர் பேக்கேஜ் போட்டிருந்தோம். முறைப்படி சனிக்கிழமை வாசித்த பேக்கேஜ்தான். வாசித்ததே நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து நர்ஸ் பேசினார். "அம்மணி, காலண்டர்ல மாசமெல்லாம் இங்கிலீசுல வருதுங்க. வர்றவங்க பாதிப் பேரு தோட்டங்காட்டு சனமுங்க. தேதி போடோணும்னா பக்கத்து வீட்டுப் புள்ளைகளைத் தேடறாங்க. தமிழ்ல வராதுங்களா?"

நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தேன். அதே பேக்கேஜின் புது வெர்ஷனில் ஜனவரி, பிப்ரவரி, திங்கள், செவ்வாய் என்று மாதமும் கிழமையும் தமிழ் எழுத்தில் வரும்படி சேர்த்திருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் சனிக்கிழமைதான், வாசித்துவிட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் ஜமால் சார் வீட்டுக் கல்யாணம், வாசிப்பு இல்லை. இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும். முழுசாகப் படித்த பேக்கேஜ்தானே, பன்னிரண்டு மாதப் பெயர் சேர்ந்ததற்கு எதற்கு மறுபடி ஒப்பாரி என்று நினைத்தேன். மாலை நான்கு மணிக்கு வெப்சைட்டில் ஏற்றிவிட்டேன். என் போனில் ஒரு தேதியைத் தொட்டுப் பார்த்தேன். 'செவ்வாய்க்கிழமை பதிவாகிவிட்டது' என்று அழகாகத் தமிழில் வந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மையத்தில் மூன்று மெஷின் காலியாகக் கிடந்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அந்த மூன்று பேரும் வந்து நின்றார்கள். அன்றைக்கு எட்டு மெஷினுக்கும் வேறு ஆள் இருந்தது.

மையத்திலிருந்து வந்த போனை எடுத்தது ஜமால் சார். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, கொஞ்சம் வந்து உக்காருங்களேனுங்க."

அட கெரகமே என்று போய் உட்கார்ந்தேன்.

"வெள்ளிக்கிழமை ஏதாச்சும் மாத்துனீங்களாங்க?"

"காலண்டர் புது வெர்ஷன் போட்டனுங்க சார்."

"படிச்சீங்களாங்க?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கு மட்டும் இல்லை, இன்றுவரைக்கும். "மொதல்ல ஆளுகளைப் பாக்கலாம். கோடு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். பழைய வெர்ஷனைத் திரும்பப் போடச் சொன்னார். வெள்ளி மாலையிலிருந்து பதிவு செய்தவர்கள் பட்டியலை எடுத்தோம். நாற்பத்தொரு பேர். பாதிப் பெயரை அவர் வைத்துக்கொண்டு, மீதியை வேறு இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேதியைச் சரிபார்க்க ஆரம்பித்தார். "நீங்க அங்க போங்க. வந்து நிக்கிறவங்க முன்னால நம்ம ஆளு ஒருத்தரு இருக்கோணும்" என்று என்னை மையத்துக்கு அனுப்பினார்.

ஐம்பது வயதைத் தாண்டியவள் நான். அந்த மாடிப்படியில், பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பிள்ளை மாதிரி ஏறினேன்.

மூன்று பேரில் இரண்டு பேர் தெம்பாக இருந்தார்கள், மறுநாள் வருகிறோம் என்றார்கள். மூன்றாவது மயிலாத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருக்கும் வெள்ளகோவிலிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர். நான்கு நாள் ரத்தம் சுத்தமாகாமல் கால் இரண்டும் வீங்கியிருந்தன, பெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கணவர் சென்னியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கெழமைன்னுதானுங்க போட்டிருக்குது. பாருங்க. நேத்து வரச் சொன்னாங்கன்னு சொல்றாங்க. நான் எதுக்குங்க பொய் சொல்லப்போறன்?"

அவர் கையில் திரை 'செவ்வாய்' என்றே காட்டியது. நர்ஸின் பட்டியல் 'திங்கள்' என்றது. இரண்டும் என் வேலை. அந்த மனிதர் தன் கண்மேலேயே சந்தேகம் வந்து நின்றுகொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க சொல்றது சரிங்க. தப்பு எம்மேலதானுங்க" என்றேன்.

"நீங்க யாருங்க அம்மணி?"

"இதை எழுதுனவளுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்பச் செரிங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார்.

டாக்டர் வந்து மயிலாத்தாளைப் பார்த்துவிட்டு, நாளை வரைக்கும் தள்ளக் கூடாது என்றார். மையத்தில் இரண்டு ஷிப்ட்தான். காலை ஷிப்டில் மெஷின் ஓட்டியவர் வீட்டுக்குப் போகப் பையை எடுத்தவர், அன்றைக்கு மட்டும் மூன்றாவது ஷிப்டும் ஓட்டுவதாகச் சொல்லிப் பையைத் திரும்ப வைத்தார். இரண்டாவது ஷிப்டில் அவினாசிக்காரர் ஒருவர், "எனக்கு உடம்பு பரவாயில்லீங்க, அந்தம்மாவை மொதல்ல போடுங்க, நான் கடைசியா போட்டுக்கறேன்" என்றார். மயிலாத்தாளை மெஷினில் போட்டபோது மத்தியானம் இரண்டு மணி. ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிளம்பும்போது சென்னியப்பன் என்னிடம் வந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறனுங்க. அந்தத் தமிழ் மாசம் இப்பப் பாத்தாக் காணோமுங்க."

"அதுலதானுங்க தப்பு வந்துச்சு. எடுத்துப்போட்டனுங்க."

"எடுத்துப்போடாதீங்க. அதை நானே படிச்சு, நானே போட்டனுங்க. மூணு வருசத்துல ஒருக்காக்கூட நானாப் போட்டதில்லீங்க. தப்பு மட்டும் எடுங்க, தமிழ எடுக்காதீங்க."

பஸ்ஸில் மதுக்கரை வரும்வரை அதுவேதான் காதில் ஓடியது. பழைய வெர்ஷனோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவர் மறுபடி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஜமால் சாரிடம் சொன்னேன். "சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே படிம்மா, கேக்கலாம்" என்றார். 'ங்க' இறங்கியிருந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு மாறின வரிகளைப் படித்தேன். மாதப் பெயர்களைத் தாண்டி ஏழாவது நிமிடத்தில் அந்த வரி வந்தது. வாய் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். காலண்டரில் நாம் செவ்வாயைத் தொட்டால், பேக்கேஜ் அதைச் 'செவ்வாய் பிறந்த நேரம், நள்ளிரவு பன்னிரண்டு' என்று எடுத்துக்கொள்கிறது. புது வெர்ஷனில் அதை லண்டன் நேரத்துக்கு மாற்றி அனுப்பும்படி செய்திருந்தார்கள். நம் ஊரில் செவ்வாய் பிறக்கும்போது லண்டனில் திங்கட்கிழமை மாலை ஆறரை. போனில் காட்டும்போது திரும்ப நம் நேரத்துக்கு மாற்றுவதால் செவ்வாய் என்றே தெரியும். பட்டியலோ நேரத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுக்கும், அதனால் திங்கள் ஆகிவிடும். எழுதினவர் லண்டனுக்கு மேற்கே இருக்கிறவர். அவர் ஊரில் நள்ளிரவு என்றால் லண்டனில் அதே நாள் விடிகாலை, தேதி மாறவே மாறாது. அவர் ஆயிரம் முறை சோதித்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். கிழக்கே இருக்கிற நாம் படித்தால்தான் தெரியும். படிக்க வேண்டியவள் படிக்கவில்லை.

திருத்தம் இரண்டே வரி. தேதியைக் கேட்டால் தேதியை மட்டும் அனுப்பு, நேரத்தை அதன் வாலில் கட்டாதே. அத்தோடு ஒரு டெஸ்டும் எழுதினேன். டெஸ்ட் என்பது பேக்கேஜோடு கூடவே இருக்கும் காவல். யார் எப்போது அதில் கை வைத்தாலும் தானாக ஓடி, பழைய தப்பு திரும்பவில்லையே என்று பார்க்கும். எல்லாவற்றையும் பேக்கேஜை எழுதினவருக்கு அனுப்பி, மயிலாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் என் இங்கிலீஷில் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். தன் ஊரிலிருந்து பார்த்தால் இது தெரியாது என்றும், இனி வெளியிடும் முன் நம் ஊர் நேரத்திலும் சோதிப்பதாகவும் எழுதியிருந்தார். அடுத்த வாரம் என் இரண்டு வரியோடு புது வெர்ஷன் வந்தது. சனிக்கிழமை வாசித்தோம், ஏற்றினோம், தமிழ் மாதம் திரும்ப வந்தது.

மயிலாத்தாள் இன்னும் வாரத்துக்கு இரண்டு முறை வந்து போகிறார். சென்னியப்பனுக்கு உலகத்தில் எந்த வெப்சைட் திறக்காவிட்டாலும் அதை எழுதினது நான்தான் என்று நினைப்பு. "ஏனுங்க அம்மணி, ரேசன் கார்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்று கூப்பிடுவார். நானும் பார்த்துச் சொல்வேன்.

போன சனிக்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். மெஷின் எழுதிக் கொடுத்த ஒரு முன்பதிவுப் பக்கத்தை நித்யா காட்டினாள். உண்மையைச் சொல்கிறேன், பிரமாதமாக இருந்தது. நாங்கள் மூன்று வாரம் செய்ததை அது டீ ஆறுவதற்குள் செய்திருந்தது. எனக்கு அதன்மேல் பயம் இல்லை. அதனிடம் ஒரே குறைதான். 'இது எதுக்குன்னு தெரியலீங்க' என்று அது தானாகச் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.

காலண்டருக்கு அது எடுத்துப் போட்டிருந்தது எங்கள் பழைய பேக்கேஜையேதான், பல வெர்ஷன் தாண்டி. டீ வந்தது, வர்க்கி வந்தது. ஜமால் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "படிங்க, கேக்கலாம்" என்றார்.

நித்யா கடனே என்று படித்தாள். தேதிப் பகுதி போனது. டெஸ்ட் பகுதிக்கு வந்தாள். ஒரு பெயரில் தடுக்கி நின்றாள்.

"இதென்னங்க அக்கா? இங்கிலீஷ் எழுத்துல 'வெள்ளகோவில் ட்யூஸ்டே'ன்னு இருக்குது. நம்ம வெள்ளகோவிலா?"

ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் தொடவில்லை.

நடந்ததைச் சொன்னேன். நித்யா அந்த டெஸ்டை ஓட்டினாள். 'வெள்ளகோவில் ட்யூஸ்டே' பக்கத்தில், தேறியது என்று பச்சை விழுந்தது. உலகத்தில் யார் அந்த பேக்கேஜைத் திருத்தினாலும் அந்தப் பச்சை விழாமல் வெளியே விட முடியாது.

அந்த நாளில் டெஸ்டை வாசிக்கும் வழக்கம் இல்லாததால், ஜமால் சாருக்கும் அந்தப் பெயர் இப்போதுதான் தெரியும். எழுந்து வந்து திரையில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்ப அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி நம்மகிட்டயும் இருக்குது" என்றார்.

நித்யா வர்க்கியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முதல்லயிருந்து படிக்கட்டுங்களா சார்?" என்றாள். "நடுவுல ரெண்டு எடம், எதுக்குன்னு தெரியாமயே தாண்டி வந்துட்டனுங்க."